முயலும் வேட்டை நாயும்: தொண்டை நாட்டிலிருந்து மர்ருழ் ழஹ்ரான் வரை



பெருங்களத்தூரிலிருந்து வண்டலூர் நோக்கிச் செல்வோர் இன்று காண்பது இரயில் பாதையும் ஜி.எஸ்.டி. சாலையும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும்தாம். ஆயினும் இது பழைய தொண்டை நாட்டு மண். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், இந்நாட்டு வழியில் நடந்த முயல் வேட்டை ஒன்று விவரிக்கப்பட்டுள்ளது. வேட்டுவர் நாய்களுடன் சென்று புதர்களை அடித்துக் கலைக்கின்றனர். வலைகளை வேலிபோல் தொடுத்துக் கட்டுகின்றனர். நெடுஞ்செவி முயல் தப்ப வழியின்றி வளைக்கப்படுகின்றது. அச்செவியைப் புலவர் தாமரையின் புற இதழுக்கு ஒப்பிடுகின்றார். அருகிருந்து பார்த்தவரன்றி வேறெவருக்கு இவ்வுவமை தோன்றும்!

நாயோடு வலையும் ஏன் தேவைப்பட்டது? முயலின் இயல்பே காரணம். நாம் கூண்டில் வளர்க்கும் வெள்ளை முயல் ஐரோப்பிய இனம். அது வளை தோண்டி வாழும். நம் காட்டு முயலோ பிடரியில் கருநிறம் கொண்டது, வளை தோண்டாது. பகலில் புல்லிடையே சிறு பள்ளத்தில் உடலை ஒடுக்கிப் படுத்திருக்கும். கால் பட்டுவிடுமோ எனும் அளவுக்கு நெருங்கும்வரை அசையாது. மனிதக் கண் அதைக் கடந்து போய்விடும். நாயின் மூக்கு கடந்து போகாது. இரவில் மேய்ந்த முயலின் வாடை விடியற்காலை ஈர நிலத்தில் தங்கியிருக்கும்; வெயில் ஏறினால் மறைந்துவிடும். மேலும் புதரில் மோப்பம் பிடித்து எழுப்புவது ஒரு திறன். எழுந்ததை விரட்டிப் பிடிப்பது வேறொரு திறன். கன்னி, சிப்பிப்பாறை போன்ற தென்மாவட்ட நாய்கள் கண்ணால் பார்த்து ஓடுபவை. முயல் திடீரெனத் திசை திருப்பினால், வேகத்தில் வந்த நாய் அதைத் தாண்டிப் போய்விடும். அங்கேதான் வலை உதவிற்று.

இதே காட்சியை ஹதீஸிலும் காண்கிறோம். மக்காவுக்கு அருகிலுள்ள மர்ருழ் ழஹ்ரானில் தாங்கள் ஒரு முயலைக் கிளப்பிய நிகழ்ச்சியை அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கின்றார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இது இடம்பெற்றுள்ளது. அவர்கள் ஆளும் ‘அன்ஃபஜ்னா’ என்ற சொல்லே, பதுங்கியதைக் கிளப்பி எழுப்புவதைக் குறிக்கும். மக்கள் துரத்திக் களைத்துவிட்டனர். இளைஞரான அனஸ் (ரலி) பிடித்து அபூதல்ஹா (ரலி) அவர்களிடம் கொண்டுசென்றார்கள். அவர் அறுத்து, அதன் தொடைப் பகுதியை நபி (ஸல்) அவர்களுக்கு அனுப்ப, அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். முயல் ஹலால் என்பதில் நான்கு மத்ஹபுகளும் ஒன்றுபடுவதற்கு இது முக்கிய ஆதாரம். இந்நிகழ்ச்சியில் நாய் இல்லை என்பதையும் கவனியுங்கள்.

நாயின் சட்டம் வேறிடத்தில் வருகின்றது. அல்மாயிதா அத்தியாயத்தின் 4ஆம் வசனம் பயிற்றுவிக்கப்பட்ட வேட்டைப் பிராணிகள் பிடித்துத் தருவதை அனுமதிக்கின்றது. கொடைக்குப் பெயர்பெற்ற ஹாத்திம் தாயியின் மகனார் அதீ (ரலி) இதுபற்றிக் கேட்டபோது நபி (ஸல்) அவர்கள் தந்த விளக்கம் நுட்பமானது. அல்லாஹ்வின் பெயர் கூறி ஏவிய நாய் பிடித்ததை உண்ணலாம். நாய் அதில் தின்றிருந்தால் உண்ணக் கூடாது. அது தனக்காகவே பிடித்தது. வேறொரு நாயும் சேர்ந்திருந்தால் உண்ணக் கூடாது. பெயர் கூறியது உம் நாயின் மீதுதானே! பிடிபட்டது உயிரோடு கிடைத்தால் அறுத்தாக வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்துப்படி, நாய் கவ்விய இடத்தை ஏழு முறை, அதில் ஒருமுறை மண் சேர்த்து, கழுவ வேண்டும். தெருநாய்க் கூட்டத்தைப் புதருக்குள் விரட்டிவிட்டு, கிடைத்ததைச் சமைப்போர் இந்நிபந்தனைகளில் எத்தனையை நிறைவேற்றுகின்றனர்?

“ஹலால்தானே, நாம் ஏன் வேட்டைக்குப் போகக் கூடாது?” எனச் சில இளைஞர்கள் கேட்கின்றனர். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முயல் நான்காம் அட்டவணையில் இருந்தது. உரிமம் பெற்று வேட்டையாட அப்போது வழியிருந்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்வழியை அடைத்தது. இன்று காட்டு முயலை நாய் கொண்டு பிடித்தாலும் கண்ணி வைத்துப் பிடித்தாலும் குற்றமே. வேட்டை முபாஹ், ஃபர்ளு அன்று. பொதுநலன் கருதி ஆட்சியாளர் ஒரு முபாஹைத் தடுத்தால் அதற்குக் கட்டுப்படுவதே ஃபுகஹாக்கள் காட்டிய வழி. ஹலாலான முயலிறைச்சி வேண்டுவோருக்குப் பண்ணை முயல் இருக்கின்றது. அதற்கு நாய் தேவையில்லை. கூர்மையான கத்தியும் பிஸ்மியும் போதும்.