போடியில் வீடு வாங்குவோர் கவனத்திற்கு: பகுதிகள், பத்திரங்கள், பிறர் உரிமைகள்



வளைகுடாவில் பத்துப் பதினைந்து ஆண்டுகள் உழைத்துவிட்டுத் திரும்பும் சகோதரர், ஏலத்தோட்டத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்ற பெரியவர், மகளுக்கு நிக்காஹ் பேசுவதற்கு முன் சொந்தக் கூரை வேண்டும் என்று தவிக்கும் தாய் எனப் பலரும் போடிநாயக்கனூரில் இடம் வாங்க யோசனை கேட்டு வருகிறார்கள். எல்லோரும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "ஹஸ்ரத், எந்த ஏரியா நல்ல ஏரியா?"

அதற்குப் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. நாம் வாங்கப்போகும் இடத்தில் வேறு யாருடைய உரிமையாவது சிக்கியிருக்கிறதா? இதைக் கேட்காமல் கையெழுத்துப் போட்டு, பிறகு வருந்தியவர்களைப் பார்த்திருக்கிறோம். எனவே இக்கட்டுரையில் இரண்டையும் சேர்த்தே பார்ப்போம்.

ஊரின் அமைப்பு

போடி மலையடிவார நகரம். மேற்கே குரங்கணி, போடிமெட்டு மலைகள். கிழக்கே சுமார் 15 கிலோமீட்டரில் தேனி. மலையிலிருந்து இறங்கும் கொட்டகுடி ஆறுதான் ஊரின் குடிநீருக்கு முக்கிய ஆதாரம். தேசிய நெடுஞ்சாலை (எண் 85) இந்த ஊர் வழியாகவே போடிமெட்டு ஏறி மூணாறு செல்கிறது.

ஊரின் பணம் ஏலக்காயில் புரள்கிறது. ஏலம் விளைவது பெரும்பாலும் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில். அதைத் தரம் பிரிப்பதும் விற்பதும் பெருமளவில் போடியில். நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் போடியிலும் புத்தடியிலும் நடக்கிறது. ஆகவே ஏலக்காய் விலை ஏறும்போது இங்கே இடத்தின் விலையும் சூடாகப் பேசப்படும். 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் ஆயிரம் ரூபாய் அளவுக்கு இறங்கியது. நல்ல விலைக் காலத்தில் சொல்லப்பட்ட மனை விலையை அப்படியே நம்பிவிட வேண்டாம். அதே தெருவில் அண்மையில் நடந்த இரண்டு மூன்று கிரயங்களை விசாரித்துப் பாருங்கள்.

இன்னொரு மாற்றம் ரயில். 1928-இல் வந்த மதுரை–போடி பாதையில் 2010 இறுதியில் மீட்டர்கேஜ் ரயில் நின்றது. அகலப்பாதையாக மாறி 2023 ஜூன் 15-இல் மீண்டும் போடிக்கு ரயில் வந்தது. சென்னைக்கும் நேரடி ரயில் கிடைத்தது. "ஸ்டேஷன் பக்கம்" என்ற வார்த்தைக்கு அன்றிலிருந்து தனி மதிப்பு. விற்பவர் சொல்லும் 'பக்கம்' எத்தனை நிமிட நடை என்பதை நீங்களே நடந்து பாருங்கள்.

பகுதிகள்: எதில் என்ன நிறை, என்ன குறை?

*பழைய நகர்ப்பகுதி.* காமராஜர் பஜாரையும் ஜமீன் அரண்மனையையும் சுற்றிய தெருக்கள். பள்ளிவாசல், கடைகள், பேருந்து எல்லாம் நடக்கும் தூரம். வயதான பெற்றோர் உள்ள குடும்பங்களுக்கு இதைவிட வசதி இல்லை. ஆனால் தெருக்கள் குறுகல். கார் நிறுத்த இடம் இருக்காது. பக்கத்திலேயே ஏலக்காய்க் குடோன் இருந்தால் சரக்கு வண்டிகள் வந்துபோகும். பழைய வீடுகளில் பொதுச்சுவர் யாருக்குச் சொந்தம், சாக்கடை எந்த வழியாகப் போகிறது என்பது பத்திரத்தில் தெளிவாக இருக்க வேண்டும். அளவரைக் கொண்டு அளந்து பார்க்காமல் பழைய பத்திரத்தின் அளவை நம்பக் கூடாது.

*சுப்புராஜ் நகர், புதுக்காலனி, தேவர் காலனி.* ஊர் விரிந்தபோது எழுந்த குடியிருப்புகள். நகராட்சி எல்லைக்குள் தனி வீடு தேடுவோர் முதலில் பார்க்க வேண்டியவை. வீட்டு வரி ரசீது, குடிநீர் இணைப்பு, கட்டட அனுமதி மூன்றும் விற்பவர் பெயரில் இருக்கின்றனவா என்று பாருங்கள். மாடியைப் பின்னால் எழுப்பியிருந்தால் அதற்கும் அனுமதி வேண்டும்.

*குலாலர்பாளையம், ஜே.கே.பட்டி.* உழைக்கும் மக்கள் அடர்ந்து வாழும் பகுதிகள். சிறிய பட்ஜெட்டில் வீடு தேடுவோர் இங்கும் விசாரிக்கலாம். அதிகாலையில் தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலைக்குக் கிளம்பும் ஊர் இது. ஜீப் நிற்கும் முனையில் வீடு பார்த்தால் அந்த நேரத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள். இத்தகைய பழைய குடியிருப்புகளில் நத்தம் பட்டாவில் உள்ள வீடுகள் இருக்கலாம். நத்தம் வீடு வாங்குவது தவறல்ல. பட்டா, அனுபவம், நான்கு எல்லை மூன்றும் ஒத்துப்போக வேண்டும்.

*மேலச்சொக்கநாதபுரம், மீனாட்சிபுரம்.* இவை தனிப் பேரூராட்சிகள். வரியும் குடிநீரும் அனுமதியும் போடி நகராட்சியில் அல்ல, அந்தந்தப் பேரூராட்சி அலுவலகத்தில். 2012-இல் தொடங்கிய அரசு பொறியியல் கல்லூரியால் மேலச்சொக்கநாதபுரம் பக்கம் வாடகைக்குக் கேட்போர் உண்டு. மீனாட்சிபுரத்தில் பெரிய கண்மாய் இருக்கிறது. கண்மாய்க்குக் கீழே மனை வாங்குபவர் கார்த்திகை மழைக்குப் பிறகு ஒருமுறை போய் நின்று பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்கட்டும்.

*தேனி சாலை.* கோடாங்கிபட்டி, தீர்த்தத்தொட்டி வழி. தேனியில் வேலை, போடியில் உறவு என்று இருப்பவர்களுக்கு வசதி. இந்தச் சாலையில் புதிய மனைப்பிரிவு பார்க்கும்போது டி.டி.சி.பி. அங்கீகாரம் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. 500 சதுர மீட்டருக்கு மேலோ எட்டு மனைகளுக்கு மேலோ உள்ள பிரிவு என்றால் ரெரா பதிவு எண்ணும் வேண்டும். 'அப்ரூவல் வந்துகொண்டிருக்கிறது' என்பது அங்கீகாரம் ஆகாது. அங்கீகாரமில்லாத பழைய மனை என்றால், 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவானவற்றுக்கு வந்த வரன்முறைத் திட்டத்தில் அது சேர்க்கப்பட்டதா என்று கேளுங்கள்.

*தேவாரம் சாலை.* சிலமலை, ராசிங்காபுரம் போன்ற விவசாய ஊர்கள். நிலம் நஞ்சையா புஞ்சையா, பொதுப்பாதை உண்டா, கிணற்றில் எத்தனை பங்கு என்பவை இங்கே கேட்க வேண்டியவை. பாதை இல்லாத மலிவு மனை மலிவே அல்ல.

*முந்தல், குரங்கணி வழி.* காற்றும் காட்சியும் மனதை இழுக்கும். ஆனால் வனத்தை ஒட்டிய நிலம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறச் சென்ற 23 பேர் உயிரிழந்ததை நாம் மறக்கவில்லை. அடைமழைக் காலத்தில் போடிமெட்டுச் சாலையில் பாறை விழுந்து போக்குவரத்து நிற்பதும் உண்டு. மலையிடப் பாதுகாப்பு ஆணையத்தின் பட்டியலில் உள்ள கிராமம் என்றால் கட்டுவதற்குத் தனி அனுமதி தேவை. வாங்கும் முன்பே வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

மலை மேலே 'சைட்' வாங்கலாமா?

பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை, வண்டன்மேடு என்று சொல்லி, "ஏலக்காட்டுக்கு நடுவே பத்து சென்ட்" என்று இடம் காட்டுவார்கள். இங்கே நின்று நிதானிக்க வேண்டும். அந்தப் பகுதிகளில் பெரும்பரப்பு 'ஏலமலைக் காப்பு நிலம்'. திருவிதாங்கூர் காலத்திலிருந்தே ஏலம் பயிரிடுவதற்காகக் குத்தகைக்குக் கொடுக்கப்பட்டு வந்தது. அது வனமா, வருவாய் நிலமா என்ற வழக்கு நீண்ட காலமாக நடக்கிறது; 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அங்கே புதிய பட்டயம் வழங்குவதை இடைக்காலமாகத் தடுத்தது.

பயிருக்காகக் கொடுத்த குத்தகையை வீட்டுமனையாக வெட்டி விற்க விற்பவருக்கு என்ன உரிமை இருக்கிறது? மேலும் அது கேரள நிலம். தமிழ்நாட்டின் பட்டா இணையதளத்தில் அது தெரியாது. நம் ஊர்ப் பத்திர எழுத்தருக்கு அந்த ஆவணங்கள் பழக்கமில்லை. அந்த மாநிலச் சட்டம் அறிந்த வழக்கறிஞர் பட்டயத்தின் வகையைப் படித்துச் சொல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.

ஒரு சகோதரியின் பங்கு

சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது. தந்தை மௌத்தான பின் பட்டா மூத்த மகன் பெயருக்கு மாறியிருந்தது. வாங்கியவர் பட்டாவைப் பார்த்தார், வரி ரசீதைப் பார்த்தார், பணத்தைக் கொடுத்தார். குடியேறிய இரண்டாம் மாதம், வெளியூரில் வாழ்க்கைப்பட்டிருந்த சகோதரி வாசலில் வந்து நின்றார். சண்டை போடவில்லை. "இது எங்க அத்தா கட்டின வீடு. என்னை யாருமே ஒரு வார்த்தை கேட்கலையே" என்று மட்டும் சொன்னார்.

விற்ற அண்ணன் அதற்குள் பணத்தைக் கடனுக்குக் கட்டிவிட்டார். ஜமாஅத்தில் உட்கார்ந்து பேசினோம். அந்தப் பங்குக்காக வாங்கியவர் இரண்டாவது முறை பணம் தேட வேண்டியதாயிற்று. அவர் மனைவியின் வளையல்கள் போயின. தவறு செய்தவர் ஒருவர். விலை கொடுத்தவர் இன்னொருவர்.

பட்டா மட்டுமே உரிமை ஆகாது. உரிமையாளர் இறந்திருந்தால் வாரிசுச் சான்று வாங்கி, மனைவி, மகன்கள், மகள்கள், பெற்றோர் இருந்தால் அவர்கள் என்று பங்குள்ள அனைவரும் கிரயப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும். மகளுக்கு மகனின் பாதி பங்கு என்று மார்க்கம் நிர்ணயித்திருக்கிறது. 'சீர் கொடுத்தாயிற்று' என்பதால் அந்தப் பங்கு தீர்ந்துவிடாது. ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்தவருக்கும் மறுமையில் கடும் தண்டனை உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தது நம் எல்லோருக்கும் தெரிந்ததே.

ஒத்தி வீடு: இரண்டு எச்சரிக்கைகள்

நம் பகுதியில் வாடகைக்குப் பதில் ஒத்திக்கு இருப்பது வழக்கம். மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்து, வாடகை இல்லாமல் குடியிருந்து, வெளியேறும்போது தொகையைத் திரும்பப் பெறுவது. கொடுத்த தொகை கடன். கடனுக்காகப் பெறும் பயன் வட்டி என்பதே பெரும்பான்மை அறிஞர்களின் கருத்து. எனவே நியாயமான வாடகை பேசி, முன்பணத்தை முன்பணமாகவே வைத்துக்கொள்வது பாதுகாப்பான வழி.

இரண்டாவது எச்சரிக்கை வாங்குபவருக்கு. வெறும் முத்திரைத்தாளில் எழுதிய ஒத்தி வில்லங்கச் சான்றில் வராது. ஆகவே வீட்டில் குடியிருப்பவரை நேரில் சந்தித்து, "நீங்கள் வாடகையா, ஒத்தியா?" என்று கேளுங்கள். ஒத்திப் பணத்தை யார் திருப்பித் தருவது என்பது கிரயத்துக்கு முன்பே எழுத்தில் முடிவாகட்டும்.

பணமும் பதிவும்

கிரயப் பதிவுக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 2025 ஏப்ரல் 1 முதல் 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்து பெண்கள் பெயரில் பதிவானால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. மனைவி அல்லது தாயின் பெயரில் பதிந்தால் அது யாருடைய சொத்து என்பதையும் குடும்பத்தில் தெளிவாகப் பேசிவிடுங்கள். பேசாமல் விட்டது அடுத்த தலைமுறையில் வழக்காகும்.

வீட்டுக்கடனின் வட்டியிலிருந்து விலகியிருக்க விரும்புவோருக்குக் குறுக்குவழி இல்லை. முதலில் சிறு மனை, பிறகு ஒரு அறையும் அடுப்படியும், பிறகு மற்றவை என்று கட்டி முடித்த குடும்பங்கள் பல. ஐந்து ஆண்டு கூடுதலாகும், நிம்மதி குறையாது.

கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டியவை

1. தாய்ப்பத்திரம் முதல் இன்றுவரை தொடர்பு அறுபடாத மூலப் பத்திரங்கள்.
2. குறைந்தது 30 ஆண்டு வில்லங்கச் சான்று.
3. பட்டா, சிட்டா, புலப்படம். அளவும் எல்லையும் நேரில் சரிபார்த்தல்.
4. ஓடை, வாய்க்கால், கண்மாய்ப் புறம்போக்கு இல்லை என்ற உறுதி.
5. வக்ஃபு நிலம் அல்ல, பஞ்சமி நிலம் அல்ல என்ற உறுதி. 'நம்ம ஆளுதான் விற்கிறார்' என்பதால் வக்ஃபு ஹலால் ஆகிவிடாது. பஞ்சமி நிலம் பட்டியல் சமூகத்தாருக்காக ஒதுக்கப்பட்டது. பிறர் வாங்க முடியாது.
6. கோடையில் குடிநீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்று தெருப் பெண்களிடம் ஒரு விசாரிப்பு.
7. பக்கத்து வீட்டாரிடம் ஒரு ஸலாம் அல்லது வணக்கம். எந்தச் சமயத்தவரானாலும் அண்டை வீட்டாருக்கு நம் மீது உரிமை உண்டு. எல்லைத் தகராறு இருந்தால் முதலில் சொல்பவரும் அவரே.

விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசி, குறையை மறைக்காமல் சொன்னால் அந்த வியாபாரத்தில் பரக்கத் இருக்கும் என்பது நபிகளாரின் வாக்கு. நீங்கள் விற்பவராக இருந்தால் கூரை ஒழுகுவதைச் சொல்லுங்கள். வாங்குபவராக இருந்தால் யாருடைய பங்கும் ஒட்டிக்கொண்டிராத வீட்டைத் தேடுங்கள். சுப்புராஜ் நகரோ சிலமலையோ, அதுவே நல்ல ஏரியா. அந்த வீட்டில் பால் காய்ச்சும் நாளில் யாரும் வாசலில் வந்து கண்கலங்கி நிற்க மாட்டார்கள், இன்ஷா அல்லாஹ்.