நாடு போயும் பட்டம் போகாத குடும்பம்

ஹித்தீன் போர் வரலாற்றைப் படித்தோர் அந்தக் கூடாரக் காட்சியை மறந்திரார். 1187 ஜூலை 4. தோற்று, தாகத்தால் துவண்டு நின்ற ஜெருசலத்தின் கிறிஸ்தவ மன்னருக்குச் சுல்தான் ஸலாஹுத்தீன் ஐயூபி குளிர்நீர் அளித்து, உயிரச்சம் போக்கினார். மன்னரின் பெயர் கீ. நம் நூல்கள் பலவும் அவரைக் கூடாரத்திலேயே விட்டுவிட்டு நகர்ந்துவிடுகின்றன. அவர் குடியையும், அதன் பின்வரலாற்றையும் நாம் சற்றே தொடர்வோம்.

மேற்குப் பிரான்சில் புவாத்தியே நகருக்கு அண்மையில் உள்ளது லூசிஞான். அங்கிருந்த கோட்டைப் பிரபுக்களுக்கு ஊர்ப்பெயரே குடும்பப் பெயராயிற்று. குடும்பத் தலைவர்கள் தலைமுறைதோறும் ஹியூ என்றே பெயர் பூண்டதால், எண்ணிட்டுத்தான் அவர்களைப் பிரித்தறிய வேண்டும். பாதி மானிடமும் பாதி சர்ப்பமுமான மெலூசின் என்பவளே குலமுதல்வி என்பது கதை. வம்சப் பெருமைக்கு இத்தகைய கதைகள் எந்நாட்டிலும் குறைவில்லை! மெய்வரலாற்றிலோ, கீயின் தந்தை எட்டாம் ஹியூ 1164-இல் ஹாரிம் போரில் நூருத்தீன் ஸங்கியிடம் சிறைப்பட்டவர்.

கீ இளைய மகன். கடல் கடந்து வந்து, 1180-இல் ஜெருசலத்து இளவரசி சிபில்லாவை மணந்தார். அவ்வம்மையார் வழியாகவே 1186-இல் முடிசூடினார். மறு ஆண்டே ஹித்தீன். அக்டோபரில் பைத்துல் முகத்தஸும் சுல்தான் வசமாயிற்று. 1188-இல் கீ விடுதலை பெற்றார். ஆனால் 1190-இல் சிபில்லா இறக்கவே, அவருடைய உரிமை ஆட்டம் கண்டது. இங்கிலாந்து மன்னர் ரிச்சர்ட் கைப்பற்றியிருந்த ஸைப்ரஸ் தீவே 1192-இல் அவருக்குக் கிட்டியது. அவருக்குப்பின் தீவை ஆண்ட அண்ணன் எமெரி 1197-இல் அங்கு மன்னராக முடிசூடினார்.

நாம் நஸபைத் தந்தைவழியே கணக்கிடுகிறோம். அவ்வாறு கணக்கிட்டால் ஸைப்ரஸின் லூசிஞான் அரசமரபு 1267-இலேயே முடிந்துவிட்டது. அவ்வாண்டு இரண்டாம் ஹியூ வாரிசின்றி இறந்தபின் அரியணை ஏறியவர் அவருடைய அத்தை மகன். தந்தைவழியில் அவர் அந்தாக்கியா அரசகுடியினர். எனினும் தாயின் குடும்பப் பெயரையே சூடிக்கொண்டார். அரசுரிமை தாய்வழி வந்ததல்லவா!

1291-இல் மம்லூக் சுல்தான் அல்-அஷ்ரஃப் கலீல் அக்கா நகரை வென்றார். அத்துடன் பலஸ்தீனக் கரையில் சிலுவைப் போராளிகளின் ஆட்சி ஒழிந்தது. அதன் பின்னரும் ஸைப்ரஸ் மன்னர்கள் நிக்கோசியாவில் தீவுக்கென ஒருமுறையும், ஃபமகுஸ்தாவில் ஜெருசலத்துக்கென மறுமுறையும் முடிசூடினர். ஒரு சாண் நிலமும் இல்லாத நாட்டுக்கு முடிசூட்டு விழா! அக்குடும்பத்தின் ஒரு கிளையினரான ஆர்மீனிய மன்னர் லெவோன் 1375-இல் மம்லூக்குகளிடம் நாட்டை இழந்தார். 1393-இல் பாரிஸில் இறந்தார். ஆர்மீனியப் பட்டமும் ஸைப்ரஸ் மன்னரிடமே சேர்ந்தது.

மூன்று பட்டங்களையும் தாங்கிய ஜானுஸ் மன்னரை 1426-இல் சுல்தான் பர்ஸ்பாயின் படை சிறைப்பிடித்துக் காஹிராவுக்குக் கொண்டு சென்றது. மீட்புத்தொகை கொடுத்தும், ஆண்டுதோறும் கப்பம் கட்ட இசைந்தும் அவர் நாடு திரும்பினார். ஏட்டில் மூன்று நாட்டு மன்னர். நடப்பில் கப்பம் கட்டும் சிற்றரசர். 1460-இல் அவருடைய பேரன் ஜேம்ஸ், சுல்தான் இனாலின் படைத்துணையுடன் வந்து, தந்தைவழிச் சகோதரி ஷார்லொத்திடமிருந்து ஆட்சியைப் பறித்தார். சிலுவைப் போரில் தழைத்த குடும்பத்தின் அரியணைப் பூசலை எகிப்தியப் படை தீர்த்து வைத்தது என்பதை நம்மவருள் எத்தனை பேர் அறிவர்?

ஜேம்ஸின் விதவை கத்தரீனா 1489-இல் தீவை வெனிஸிடம் ஒப்படைத்தார். அதற்கு முன்பே, 1485-இல், ரோமில் அடைக்கலம் புகுந்திருந்த ஷார்லொத் தம் உரிமைகளைச் சவாய் குடும்பத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தார். அக்குடும்பமே பின்னாளில் இத்தாலியை ஆண்டது. 1946-இல் அங்கு முடியாட்சி ஒழியும்வரை, அதன் மன்னர்களின் நீண்ட பட்டப் பட்டியலில் ஸைப்ரஸ், ஜெருசலம், ஆர்மீனியா மூன்றும் இடம்பெற்றிருந்தன.