பாதியில் தொட்டுப் பார்

பழைய வால்வ் ரேடியோவின் முதுகுப் பலகையைக் கழற்றினால், உள்ளே பல சமயம் ஒரு தாள் ஒட்டியிருக்கும். எந்த வால்வ் எந்தக் குழியில் உட்கார வேண்டும் என்ற படம். சில பெட்டிகளில் முழு சர்க்யூட் படமே இருக்கும். இது ஒருநாள் கெட்டுப்போகும், யாரோ ஒருவர் திறப்பார், அவருக்கு வழி தெரிய வேண்டும் என்று தயாரித்தவர்களே ஒப்புக்கொண்டதற்கு அந்தத் தாள் சாட்சி. நான் சம்பாதித்து வாங்கிய எந்தப் பொருளிலும் அப்படி ஒரு தாளைப் பார்த்ததில்லை. அது எங்கே போனது?

பதிலுக்கு 1918 வரை பின்னால் போக வேண்டும். முதல் உலகப்போர் சமயத்தில் பாரீஸில் இருந்த எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் என்ற அமெரிக்க ராணுவ அதிகாரி, சூப்பர்ஹெட்டிரோடைன் என்ற ஏற்பியை வடிவமைத்தார். யோசனை எளிமையானது. நீங்கள் எந்த ஸ்டேஷனைத் திருப்பினாலும் ரேடியோ அதை முதல் கட்டத்திலேயே ஒரே அலைவரிசைக்கு மாற்றிவிடும். பிற்காலத்தில் பரவலான எண் 455 கிலோஹெர்ட்ஸ். அதற்குப் பிறகு உள்ள சர்க்யூட் முழுக்க அந்த ஒரே எண்ணுக்காக வேலை செய்தால் போதும். காப்புரிமையைக் கையில் வைத்திருந்த ஆர்சிஏ நிறுவனம் 1930-இல் மற்ற கம்பெனிகளுக்கும் உரிமம் கொடுக்கத் தொடங்கியது. சில ஆண்டுகளிலேயே உலகின் பெரும்பாலான ரேடியோக்கள் உள்ளே ஒரே மாதிரி ஆகிவிட்டன. ஏரியல், கன்வெர்ட்டர், ஐ.எஃப், டிடெக்டர், வால்யூம் கண்ட்ரோல், ஆடியோ, அவுட்புட், ஸ்பீக்கர். வெளியே பெட்டிதான் வேறு.

இருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி சின்னச் சின்ன வித்தியாசங்கள் உண்டு. அதற்குத்தான் படம் வேண்டும். அமெரிக்காவில் ஜான் ரைடர் என்பவர் 1930களின் தொடக்கத்திலிருந்து கம்பெனிகளின் சர்க்யூட் படங்களைச் சேகரித்துத் தலையணை தலையணையாக அச்சிட்டார். 1950கள் வரை 23 தொகுதிகள். ஹோவார்ட் சாம்ஸ் வேறு வழியில் போனார். இண்டியானாபொலிஸ் நகரில் 1946-இல் அவர் தொடங்கிய 'ஃபோட்டோஃபேக்ட்' வரிசைக்காக, கடையில் விற்கும் செட்டை வாங்கி, பிரித்து, போட்டோ எடுத்து, படத்தைத் தாங்களே புதிதாக வரைந்தார்கள். கம்பெனி தருமா, தராதா என்று காத்திருக்கவில்லை. என் தொழிலில் இதை ரிவர்ஸ் எஞ்சினியரிங் என்போம். அவர்கள் அதை ஒரு மாதச் சந்தா வியாபாரம்போலச் சாதாரணமாகச் செய்தார்கள்.

நம் ஊர் மெக்கானிக்கின் மேசையில் ரைடரும் இல்லை, சாம்ஸும் இல்லை. பிறகு எப்படிச் சமாளித்தார்கள்? எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நாற்பது வருஷம் கடை வைத்திருந்த ஒரு அண்ணாச்சியிடம் கேட்டேன். "படம் எதுக்கு தம்பி? பாதியில தொட்டுப் பாருங்க" என்றார்.

பாதி என்பது வால்யூம் கண்ட்ரோல். அதன் நடுக்காலில் சிக்னல் கொடுத்தால் ஸ்பீக்கரில் சத்தம் வரவேண்டும். வந்தால் பின்பாதி சரி, கோளாறு ஏரியல் பக்கம். வராவிட்டால் கோளாறு ஸ்பீக்கர் பக்கம். அடுத்து, மிச்சமிருக்கும் பாதியின் பாதி. நான்கு தொடலில் கெட்ட இடத்துக்கு வந்துவிடலாம். கல்லூரியில் இதை பைனரி சர்ச் என்ற பெயரில் ஒரு செமஸ்டர் படித்தேன். அண்ணாச்சி அதை இடது கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு செய்வார். வால்வ் செட்டுக்குள் இருநூறு வோல்ட்டுக்கு மேல் ஓடும். இரண்டு கையும் உள்ளே இருந்தால் கரண்ட் நெஞ்சு வழியாகப் போகும் என்பதால்.

இடம் கண்டுபிடிப்பது பாதி வேலைதான். உதாரணமாக, சத்தம் கரகரவென்று வருகிறது, அவுட்புட் வால்வ் கொதிக்கிறது. புதியவர் வால்வை மாற்றுவார். சில நாளில் புதுசும் போகும். உண்மையான குற்றவாளி அதற்கு முன்னால் இருக்கும் சின்னக் காகிதக் கண்டன்சர். வயதாகி, ஈரம் ஏறி, தடுக்க வேண்டிய டி.சி. வோல்ட்டைக் கசியவிடும். கிரிட்டில் மீட்டரை வைத்தால் இருக்கக்கூடாத சில பாசிட்டிவ் வோல்ட் தெரியும். செத்துக் கிடப்பது ஒன்று, கொன்றது வேறொன்று. மென்பொருளில் லாக் படிக்கிற எவருக்கும் இது பழக்கமான கதை.

ஆக, படம் இல்லாமலே வேலை நடந்ததற்குக் காரணம் மந்திரம் ஒன்றும் இல்லை. எல்லாச் செட்டும் ஒரே படம் என்பதால், அந்தப் படம் மெக்கானிக்கின் தலைக்குள் இருந்தது.

அது மெல்லக் கலையத் தொடங்கியது. வால்வைக் கையால் பிடுங்கலாம். டிரான்சிஸ்டருக்கு ஈயம் உருக்க வேண்டும். 1967-இல் மோட்டரோலா, குவாசர் என்ற கலர் டிவியை டிராயர்போல இழுத்து, கெட்ட தட்டைக் கழற்றி வேறொன்று சொருகும்படி செய்தது. வசதிதான். ஆனால் பழுது என்பது கோளாறைக் கண்டுபிடிப்பது என்பதிலிருந்து போர்டை மாற்றுவது என்று ஆனது. பிறகு சிப்கள் வந்தன. ஐ.எஃப், டிடெக்டர், ஆடியோ எல்லாம் ஒரே கறுப்புப் பூச்சிக்குள் போயின. தொட்டுப் பார்க்கப் 'பாதி' என்ற இடமே வெளியே இல்லை.

சில வருஷம் முன்பு எங்கள் வீட்டு எல்இடி டிவியில் சத்தம் வந்தது, படம் வரவில்லை. சர்வீஸ் சென்டரில் "பேனல் வராது சார், புதுசு வாங்கிடுங்க" என்றார்கள். அண்ணாச்சியின் பழைய உதவியாளர் ஒரு டார்ச்சைத் திரையில் அடித்தார். மங்கலாக ஆட்கள் நடமாடுவது தெரிந்தது. "படம் இருக்கு. பின்னாடி லைட்தான் இல்ல." வரிசையாகக் கோத்த எல்இடிகளில் ஒன்று போனால் மொத்த வரிசையும் அணையும். பழைய அமெரிக்க ஐந்து வால்வ் ரேடியோவிலும் இதே கதைதான். வால்வ் பெயரில் முதலில் வரும் எண்ணே அதன் இழைக்கான வோல்ட். 12, 12, 12, 35, 50 என்று கோத்து நேராக வீட்டு மின்சாரத்தில் மாட்டியிருப்பார்கள். ஒன்று போனால் ஐந்தும் இருட்டு. எல்இடி பட்டையை மாற்றினார், டிவி ஓடியது.

அதே டிவியின் மெயின் போர்டு அடுத்த வருஷம் போனபோது அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. திறமை குறையவில்லை. லைட் எல்லா டிவியிலும் ஒன்று. போர்டு மாடலுக்கு மாடல் வேறு, அதன் படம் கம்பெனியிடம் மட்டும் இருக்கிறது.

ஐரோப்பிய ஒன்றியம் 2021 மார்ச் முதல், டிவிக்கான சில உதிரி பாகங்களை அந்த மாடலின் விற்பனை நின்ற பிறகும் ஏழு வருஷம் தொழில்முறை மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கச் செய்யவேண்டும் என்று விதித்தது. கண்டன்சர்கூட அந்தப் பட்டியலில் உண்டு. பழுதுபார்க்கத் தேவையான தகவல்களையும் தரவேண்டும். இந்தியாவில் 2022 டிசம்பரில் மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளம் ஒன்றைத் திறந்தது. நல்ல தொடக்கம். ஆனால் கம்பெனிகளைக் கட்டாயப்படுத்தும் சட்டம் அல்ல அது.

இந்த விவாதங்களில் உதிரி பாகத்தின் விலைதான் அதிகம் பேசப்படுகிறது. நான் முதலில் கேட்பது அந்தத் தாளை. பாகம் இல்லாவிட்டால் வேறொன்றை வைத்து ஒப்பேற்ற நம் ஆட்களுக்குத் தெரியும். படம் கிடைத்தால் அதைப் படிக்கவும் ஆள் இருக்கிறார்கள். இன்னும் கொஞ்ச வருஷத்துக்கு.