பலர்ம்: முந்நூறு பள்ளிவாசல்களின் நகரம்

இத்தாலியின் சிசிலித் தீவில் அமைந்த துறைமுக நகரான பலெர்மோவை அரபு நூலாசிரியர்கள் 'பலர்ம்' என அழைத்தனர். பினீசியர் நிறுவிய இந்நகர் உரோமருக்கும் பைசாந்தியருக்கும் உட்பட்டிருந்து, ஹிஜ்ரி 216இல் (கி.பி. 831) அஃக்லபிகளின் வசமாயிற்று. அன்று முதல் ஏறத்தாழ 240 ஆண்டுகள் அது முஸ்லிம் சிசிலியின் தலைநகராகத் திகழ்ந்தது.

நகரின் செழிப்புக்கு நீரே அடிப்படை. முஸ்லிம்கள் கொணர்ந்த பாசன முறைகளால் எலுமிச்சை, நாரத்தை, கரும்பு, பருத்தி ஆகியன அங்கு விளைந்தன. பாசனத் தொட்டியைச் சிசிலி மக்கள் இன்றும் 'ஜெப்பியா' என்றே கூறுவர். அது 'ஜாபியா' என்னும் அரபுச் சொல்லின் திரிபாகும். 'கல்சா' என்னும் நகர்ப்பகுதியின் பெயரில் 'அல்காலிஸா' உறைந்திருக்கிறது.

கி.பி. 973இல் அங்கு சென்ற பயணி இப்னு ஹவ்கல், நகரில் முந்நூறுக்கும் மேற்பட்ட பள்ளிவாசல்களைக் கண்டு வியந்தார். காரணம் வினவியபோதோ வருந்தினார். தமக்கெனத் தனிப்பள்ளி வேண்டும் என்னும் பெருமையே அத்தனை பள்ளிகளையும் எழுப்பியதாம்; தந்தையின் பள்ளிக்கு அருகிலேயே மகனும் ஒன்று கட்டியிருந்தார். ஆசிரியர்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. போர்க் கடமையினின்று தப்பவே பலர் அப்பணியை நாடினர் என எழுதுகிறார். அவருடைய நடையில் கடுமை மிகுதிதான். எனினும், கற்பிக்கும் பணியில் இருக்கும் நாம் அதனைப் புறந்தள்ளிவிட இயலாது.

ஏனெனில் வீழ்ச்சி உள்ளிருந்தே தொடங்கிற்று. கல்பி வமிசம் சிதைந்தபின் சிற்றரசர்கள் தம்முள் பொருதினர். அவர்களுள் ஒருவரான இப்னுத் துமனா, தம் எதிரியை வெல்ல நார்மானியரின் துணையை நாடினார். 1061இல் மெஸ்ஸினா வீழ்ந்தது; 1072இல் பலர்மும் வீழ்ந்தது.

அறிவுக்கு மட்டும் அப்போதும் மதிப்பு இருந்தது. இரண்டாம் ரோஜர் மன்னருக்காக இத்ரீஸி 1154இல் தம் புவியியல் நூலை நிறைவு செய்தார். மன்னரின் பட்டு மேலங்கியிலும் ஹிஜ்ரி 528 என்னும் ஆண்டுடன் அரபு எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. ஆனால் 1184இன் இறுதியில் வந்த இப்னு ஜுபைர் கண்ட முஸ்லிம்களுக்குப் பாங்கும் காழியும் இருந்தன. ஜும்ஆ குத்பா இல்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் இரண்டாம் ஃபிரெட்ரிக், சிசிலி முஸ்லிம்களை லூசேராவுக்குக் குடிபெயர்த்தார். 1300இல் அக்குடியிருப்பும் அழிக்கப்பட்டது.

ஜும்ஆப் பள்ளி இருந்த இடத்தில் இன்று பேராலயம் நிற்கிறது. அதன் தெற்கு வாயில் தூண் ஒன்றில் அல்அஃராஃப் அத்தியாயத்தின் 54ஆம் வசனம் பொறிக்கப்பட்டிருக்கிறது. முந்நூறு பள்ளிகளை எழுப்பியோர் ஓரணியில் நிற்கத் தவறினர். பள்ளிகளை எண்ணிப் பெருமை கொள்ளும் நமக்கும் இதில் படிப்பினை உண்டு.