ஒருமுறை உதவியும் நிலைத்த வேலையும்: அமெரிக்க நலத்திட்ட விதி ஒன்றின் மறுஆய்வு

அமெரிக்காவில் குறைந்த ஊதியம் பெறும் பெற்றோர் வேலையை இழக்கும்போது, அதற்கான காரணம் பல வேளைகளில் பணியிடத்துக்கு வெளியே இருக்கிறது. பேருந்து வசதி குறைந்த ஊரில் கார் பழுதடைவதும், குழந்தையைப் பார்த்துக்கொள்பவர் திடீரென நின்றுவிடுவதும், வாடகை பாக்கியால் வீட்டைக் காலிசெய்ய நேர்வதும் சில நாள்களுக்குள் வேலையையே பறித்துவிடுகின்றன. மொன்டானா நீங்கலாக ஏனைய மாநிலங்களில், பாகுபாடு போன்ற சட்டவிரோதக் காரணங்கள் இல்லாதவரை, முதலாளி காரணம் எதுவும் கூறாமலே ஊழியரை நீக்கலாம் என்பதே பொதுவிதி. ஊதியத்துடன் கூடிய நோய் விடுப்பைத் தனியார் நிறுவனங்கள் வழங்கியாக வேண்டும் என்று கூட்டரசுச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. 1993ஆம் ஆண்டின் குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டம் அளிக்கும் 12 வார விடுப்பும் ஊதியமற்றது. கூட்டரசின் குறைந்தபட்ச ஊதியம் 2009 முதல் மணிக்கு 7.25 டாலராகவே இருப்பதால், 600 டாலர் செலவாகும் கார் பழுதை அந்த ஊதியத்தில் ஈடுகட்ட 80 மணி நேரத்துக்கும் மேல் உழைக்க வேண்டும். வரியும் வாடகையும் உணவும் அந்தக் கணக்கில் சேரவில்லை.

இத்தகைய செலவைத் தாங்கும் கையிருப்பு பலரிடம் இல்லை. அமெரிக்க மைய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் 2023ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், எதிர்பாராத 400 டாலர் செலவைக் கையிலுள்ள பணத்தாலோ அதற்கு நிகரான வழியாலோ முழுமையாகச் செலுத்த இயலும் என்றோர் 63 விழுக்காட்டினர் மட்டுமே. எஞ்சியோரில் சிலர் நாடும் சம்பளநாள் கடன், அதாவது அடுத்த சம்பளத்தில் திருப்பித்தர வேண்டிய குறுங்கடன், இரண்டு வாரத்துக்கு 100 டாலருக்கு 15 டாலர் என்ற வழக்கமான கட்டணத்தில், ஆண்டு வட்டியாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ 400 விழுக்காட்டை எட்டுகிறது.

இந்த இடைவெளியை நிரப்பும் கருவி அமெரிக்க நலத்திட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. ஏழைக் குடும்பங்களுக்கான மாதாந்தரப் பண உதவியை 1996ஆம் ஆண்டுச் சட்டம் மாற்றியமைத்து, வேலை நிபந்தனையையும் கூட்டரசு நிதியில் 60 மாதம் என்ற ஆயுட்கால வரம்பையும் விதித்தது. குறிப்பிட்ட ஒரு நெருக்கடிக்காக, நான்கு மாதத்துக்கு மேல் நீளாமல் தரப்படும் உதவியை மட்டும் அதன் விதிகள் விலக்கிவைத்தன. அது 60 மாதக் கணக்கில் சேர்வதில்லை, வேலை நிபந்தனையையும் சுமத்துவதில்லை. யூட்டா மாநிலம் 1993லேயே சோதித்துப் பார்த்த மொத்தத்தொகை முறை இதற்கு முன்னோடியாகும். விஸ்கான்சின் மாநிலத்தின் வேலைக்கடன் திட்டம் சற்றே மாறுபட்டது: வட்டியில்லாமல் வழங்கப்படும் அக்கடனின் ஒரு பகுதியைச் சமூகப்பணி செய்தும் தீர்க்கலாம்.

ஆனால் பல மாநிலங்கள் இக்கருவியை வேலையைக் காக்கும் ஏற்பாடாக மட்டும் அமைக்கவில்லை. மாதாந்தர உதவி கோருவோரை வாயிலிலேயே திருப்பியனுப்பும் ஏற்பாடாகவும் அமைத்துள்ளன. மொத்தத்தொகை பெற்ற குடும்பம் குறிப்பிட்ட சில மாதங்களுக்கு மாதாந்தர உதவி பெறும் உரிமையை இழக்கும் என்பதும், இடையில் விண்ணப்பித்தால் பெற்ற தொகை பிடித்தம் செய்யப்படும் என்பதும் அங்கங்கே நிலவும் விதிகள். காரைச் சரிசெய்து வேலைக்குத் திரும்பிய தாய் இரண்டாம் மாதத்தில் ஆள்குறைப்பால் வேலையிழந்தால், முன்பு பெற்ற சிறுதொகையே அவருக்கு எதிரான தடையாகிறது. இவ்விதி அநீதியானது, வேலையில் நிலைக்க முயன்றவரையே அது தண்டிக்கிறது.

மொத்தத்தொகை பெற்றவர்களில் பலர் மாதாந்தர உதவிக்குத் திரும்பவில்லை என்பதை இம்முறையின் வெற்றிக்குச் சான்றாகக் காட்டுவதுண்டு. இச்சான்று வலுவற்றது; ஏற்கெனவே வேலையிலோ வேலைக்கு மிக அருகிலோ இருப்பவர்களே பெரும்பாலும் இதற்குத் தேர்ந்தெடுக்கப்படுவதால், உதவி இல்லாமலும் அவர்களில் பலர் திரும்பியிருக்க மாட்டார்கள். உறுதியான சான்று வேறோர் இடத்தில் கிடைக்கிறது. சிகாகோ நகரின் வீடிழப்புத் தடுப்புத் தொலைபேசி மையத்தில் நிதி சில நாள்களில் இருக்கும், சில நாள்களில் இராது. அழைப்போர் அதை முன்கூட்டி அறிய வழியில்லை. இத்தற்செயலைப் பயன்படுத்தி வில்லியம் எவன்ஸ், ஜேம்ஸ் சல்லிவன், மெலனி வால்ஸ்காக் ஆகியோர் 2016இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு, நிதியுள்ள நாளில் அழைத்தவர்கள் ஆறு மாதத்துக்குள் வீடற்றோர் விடுதியை அடையும் வாய்ப்பு 76 விழுக்காடு குறைவு என்று கண்டது. இது வேலையை அளந்த ஆய்வன்று. ஆயினும், தக்க தருணத்தில் ஒரே ஒருமுறை தரப்படும் தொகை ஒரு குடும்பத்தின் சரிவை நிறுத்த வல்லது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் ஆய்வுகள் அரியவை.

தருணம் என்பதே இங்கு முதன்மையானது. 2013இல் அதே இதழில் வெளியான ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் முதலியோரின் ஆய்வு, நியூ ஜெர்சியில் கார் பழுதுச் செலவு பற்றிய கற்பனைக் கேள்வியையும், தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகளின் அறுவடைக்கு முந்தைய, பிந்தைய நிலைகளையும் கொண்டு, பணநெருக்கடி சிந்தனைத்திறனையே குறைக்கிறது என்று வாதிட்டது. அவ்விளைவின் அளவு விவாதத்துக்குரியதே. எனினும், நெருக்கடியில் இருப்பவரிடம் பல சான்றிதழ்களைக் கேட்டு வாரக்கணக்கில் காத்திருக்கச் செய்யும் விண்ணப்பமுறை, உதவியின் பயனை அது கைக்கு வரும் முன்பே அழித்துவிடும் என்பதில் ஐயமில்லை.

ஒருமுறை உதவி ஊதிய விடுப்புக்கோ குழந்தைக் காப்பகத்துக்கோ மாற்றாகாது. மாதாமாதம் மீளும் பற்றாக்குறையை அது தீர்ப்பதுமில்லை. அதன் எல்லைக்குள் அது முழுப்பயன் தர வேண்டுமானால், தொகை பெற்றவரை மாதாந்தர உதவியிலிருந்து விலக்கும் விதி நீங்க வேண்டும். முடிவு சில நாள்களுக்குள் வர வேண்டும். நிதியும் போதிய அளவில் இருக்க வேண்டும்: இந்நலத்திட்டத்துக்காக மாநிலங்களுக்குக் கூட்டரசு வழங்கும் ஆண்டுத் தொகுப்பு நிதியான ஏறத்தாழ 1,650 கோடி டாலர், 1996 முதல் விலைவாசிக்கு ஏற்ப உயர்த்தப்படவே இல்லை.