துளையை அடைப்பது தீயா, பசையா?

கார்க் கதவின் அடிப்பகுதியில் துருப்பிடித்து ஒரு துளை விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பட்டறைக்குச் சென்றால் இரண்டு யோசனைகள் கிடைக்கும். “துருவை வெட்டியெடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்யலாம்” என்பார் ஒருவர். “வேண்டாம், தகட்டை ஒட்டிப் பட்டி போட்டுவிடலாம்” என்பார் மற்றொருவர். எது சரி? விடை காண, நூறாண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு வரலாற்றைச் சற்றே புரட்டுவோம்.

தொடக்க காலக் கார்களின் உடலுக்கு மரச்சட்டமே எலும்புக்கூடு. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 1912-இல் எட்வர்டு பட் தொடங்கிய நிறுவனம், முழுவதும் எஃகாலான உடல்களைச் செய்யத் தலைப்பட்டது. எஃகை எஃகோடு இணைக்க உதவியது தீ. ஆக்சிஜனில் அசெட்டிலீனை எரித்தால் 3,000 டிகிரி செல்சியஸுக்கும் மேற்பட்ட வெப்பநிலை கிட்டும் என்று பிரெஞ்சு வேதியியலார் லெ சாத்தலியே 1895-இல் கண்டறிந்திருந்தார். எஃகு உருகுவதற்குச் சுமார் 1,500 டிகிரி போதுமே! எனவே வாயுச்சுடரே பட்டறைகளிலும் கிழிந்த தகட்டைத் தைக்கும் ஊசியாயிற்று.

ஆனால், அந்தத் தீயே தொல்லையும் தந்தது. 10 செ.மீ. நீள எஃகைக் கூடுதலாக 500 டிகிரி சூடேற்றினால் அது சுமார் 0.6 மி.மீ. நீளும். அற்ப நீட்சிதானே என்று கருதலாகாது. கார்த் தகட்டின் தடிப்பே 1 மி.மீ. அளவுதான். சூடான பகுதி விரிய முயலும். சுற்றியுள்ள குளிர்ந்த பகுதி இடம் தராது. எனவே தகடு உப்பும். ஆறும்போது சுருங்கி, பக்கத்துத் தகட்டையும் இழுக்கும். மட்டமான கதவு அலையலையாக நெளிந்துவிடும்.

அந்த நெளிவை மறைக்கப் பழைய தொழிலாளர்கள் கையாண்டது ஈயம். 70 பங்கு ஈயமும் 30 பங்கு வெள்ளீயமும் சேர்ந்த கலவை 183 டிகிரியில் உருகத் தொடங்கும். ஏறத்தாழ 255 டிகிரியில்தான் முற்றிலும் நீராகும். இடைப்பட்ட வெப்பநிலைகளில் அது பிசைந்த மாவைப் போன்றிருக்கும். அந்நிலையில் மரக்கரண்டியால் தேய்த்து, வேண்டிய வடிவம் தந்தார்கள். கலவைப் பொருள்களின் உருகுநிலை பற்றிய பாடத்தைக் கையாலேயே கற்றவர்கள் அவர்கள்! எனினும் ஈயத்தூளைச் சுவாசித்தால் உடல் நலம் கெடும்.

இனி, பசையின் கதை. சுவிட்சர்லாந்தில் பியர் காஸ்தன் 1938-இல் எபாக்சிப் பிசினுக்குக் காப்புரிமை கோரினார். இங்கிலாந்தின் டக்ஸ்ஃபோர்டில் நார்மன் டி புரூயின் 1941-இல் ‘ரீடக்ஸ்’ என்னும் உலோகப் பசையை உருவாக்கினார். 1949-இல் முதன்முதலாகப் பறந்த ‘காமெட்’ ஜெட் விமானத்திலும் அது பயன்பட்டது. 1950-களில் பாலியெஸ்டர்ப் பிசினில் டால்க் தூள் கலந்த பட்டி அமெரிக்கப் பட்டறைகளுக்கு வந்தது. சிறிது இறுக்கியைக் கலந்தால் போதும். சுடரே இல்லாமல் சில நிமிடங்களில் இறுகிவிடும். தகடு நெளிவதில்லை, ஈயமும் இல்லை.

அப்படியானால் பசை வென்றதா? அவசரப்பட வேண்டாம். பட்டி வெறும் நிரப்புப் பொருள். பசையோ இணைப்புப் பொருள். துருவை நீக்காமல் துளையில் பட்டியை அப்பினால், உட்புறமாக ஈரம் புகுந்து துரு தொடர்ந்து பரவும். நாளடைவில் பட்டி பெயர்ந்துவிடும். பசையின் வலிமையோ விசையின் திசையைப் பொறுத்தது. நீங்களே சோதித்துப் பாருங்கள்: மேசையில் ஒட்டிய செல்லோ டேப்பை மேசைப் பரப்போடு இணையாக இழுங்கள், அசையாது. ஒரு முனையைத் தூக்கி உரியுங்கள், எளிதில் வந்துவிடும். முதலில் விசை பரப்பு முழுவதும் பரவுகிறது. பின்னதில் ஒரு கோட்டிலேயே குவிகிறது.

இது வெறும் ஏட்டுப் பாடமன்று. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு பட்டறை, புள்ளி வெல்டிங் செய்யுமாறு தயாரிப்பாளர் வகுத்திருந்த கார்க் கூரையைப் பசையால் ஒட்டியது. அதை அறியாமல் காரை வாங்கிய ஒரு தம்பதியர் 2013-இல் விபத்தில் சிக்கினர். உள்ளே அகப்பட்டுக் கடுமையான தீக்காயமும் எலும்பு முறிவும் அடைந்தனர். 2017-இல் டல்லாஸ் நகர நடுவர் குழு, நட்ட ஈட்டில் 3 கோடி டாலருக்கும் மேற்பட்ட தொகையை அந்தப் பட்டறையின் பொறுப்பாக்கியது.

பசையே பலவீனமானது என்று முடிவு கட்டிவிடலாமா? அதுவும் தவறு. 1996-இல் வெளிவந்த ‘லோட்டஸ் எலிஸ்’ காரின் அலுமினியச் சட்டமே எபாக்சிப் பசையால் ஒட்டப்பட்டதுதான்! அங்கே ஒவ்வோர் இணைப்பும் பசைக்கென்றே அகலமாக வடிவமைக்கப்பட்டிருந்தது. மறுபுறம், இன்றைய கார்களின் சில உயர்வலிமை எஃகுப் பகுதிகளில் கண்டபடி தீயைக் காட்டினால், அந்த எஃகின் வலிமையே குன்றிவிடும்.

ஆகவே ‘தீயா, பசையா’ என்று கேட்பதற்கு முன், ‘இந்தத் தகடு எதைத் தாங்குகிறது?’ என்று கேட்க வேண்டும். கதவின் மேல்தகடு காரின் தோல். சரியாகச் செய்தால் அங்கே பசையும் போதுமானதாகலாம். தூண், கூரை, அடிச்சட்டம் ஆகியவை எலும்புகள். அவற்றைத் தயாரிப்பாளர் எவ்வாறு இணைக்கச் சொல்கிறாரோ அவ்வாறே இணைக்க வேண்டும். வர்ணம் பூசியபின் இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். மோதலின்போது விசைக்கு மட்டும் வேறுபாடு தெரிந்துவிடும்!