ஹுதைபிய்யாவின் மரம்

ஹுதைபிய்யா பாடம் நடத்துகையில், நபி (ஸல்) அவர்கள் பைஅத் பெற்ற மரம் எப்படி இருந்திருக்கும் என்று மாணவர்களிடம் கேட்பதுண்டு. பெரும்பாலோர் ஆலமரம் என்பர். ஏறத்தாழ 1,400 ஸஹாபாக்களுக்கு நிழல் வேண்டுமல்லவா என்பது அவர்கள் வாதம். ஆனால் அது 'ஸமுரா' மரம் என ஜாபிர் (ரழி) அவர்களின் அறிவிப்பு ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது.

ஸமுரா வேல மர இனத்தைச் சேர்ந்தது. மக்காவைச் சூழ்ந்த நிலத்தில் ஆண்டு மழை சுமார் 100 மில்லிமீட்டர்தான். அந்த வறட்சியே அம்மரத்தின் உருவத்தை வகுத்தது. அகன்ற இலைகள் நீரை விரைவில் இழந்துவிடும். ஆகவே அதன் இலைகள் மிகச் சிறியவை. மேயும் ஒட்டகங்களிடமிருந்து அவற்றைக் காக்க முட்கள். ஆழத்து ஈரத்தைத் தேடிச் செல்லும் வேர்கள். குடைபோல் தட்டையாக விரிந்த தலை. இராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கத்து வறண்ட நிலங்களில் குடைவேல மரத்தைக் கண்டவர்களுக்கு இந்த வடிவம் புதிதன்று.

இத்தகைய மரத்தின் நிழலில் ஒரு படை தங்கவியலாது. நஜ்துப் பகுதிப் படையெடுப்பிலிருந்து திரும்புகையில், முள்மரங்கள் நிறைந்த பள்ளத்தாக்கில் நண்பகலில் தங்கியதை ஸஹீஹுல் புகாரியில் ஜாபிர் (ரழி) அறிவிக்கிறார்கள். ஸஹாபாக்கள் நிழல் தேடி ஆளுக்கொரு பக்கம் பிரிந்துவிட்டனர். நபி (ஸல்) அவர்கள் ஒரு ஸமுராவில் வாளைத் தொங்கவிட்டு, அதனடியில் உறங்கினார்கள். கிராமவாசி ஒருவர் அவ்வாளை உருவி நின்ற வேளையில் நபியவர்கள் அருகே எவரும் இல்லாதது ஏன் என்பது, மரத்தை அறிந்தவருக்கே விளங்கும்.

ஹுதைபிய்யாவுக்குத் திரும்புவோம். பைஅத் நடந்தது ஹிஜ்ரி 6இல். மறு ஆண்டு அங்கு சென்றபோது, இன்ன மரம்தான் என்பதில் தங்களில் இருவர்கூட ஒத்துப்போகவில்லை என இப்னு உமர் (ரழி) கூறுகிறார்கள். அதை அல்லாஹ்வின் ரஹ்மத் என்றும் சொன்னார்கள். மரத்திற்கே புனிதம் கற்பிக்கும் ஃபித்னாவுக்கு வழியில்லாமற் போயிற்றே என்பது அதன் கருத்து என உலமாக்கள் விளக்குவர். ஒரே வறட்சி ஒரே அச்சில் வார்த்த மரங்களுக்கிடையே ஒன்றைப் பிரித்தறிவது எளிதாக இருந்திராது என்பது என் எண்ணம்.

முதுமையில் பார்வை இழந்திருந்த ஜாபிர் (ரழி) அவர்களோ, தமக்குக் கண் தெரிந்தால் காட்டியிருப்பேன் என்றார்கள். காட்டுவதாகச் சொன்னது மரத்தையன்று, மரமிருந்த இடத்தை.